ராச்சியத்தில் பிறை தென்படவில்லை

பள்ளிவாசல்துறை,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து.

அன்பு மகன் அம்ஜதுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்ஹம்துலில்லாஹ், என் முழங்காலைத் தவிர வீட்டில் எல்லாரும் சுகம். கத்தார் வெயிலில் உன்னையும் அல்லாஹ் சுகமாக வைத்திருக்கட்டும். இதை வொய்ஸில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். நான் அனுப்புகிற வொய்ஸை நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்கிறாய் என்று உன் மகள் அமானி சொல்லிவிட்டாள். பெற்ற உம்மாவின் குரலைத் தாரா வாத்துக் கத்துகிற மாதிரிக் கேட்கிற பிள்ளைக்குக் கடிதம்தான் சரி. ஐந்தாம் வகுப்போடு நின்ற என் கையெழுத்தை ஒருத்தராலும் வேகமாக வாசிக்க ஏலாது. லீவு முடிந்து கத்தாருக்குத் திரும்புகிற பதியுதீனிடம் கொடுத்து விடுகிறேன்.

முதலில் நீ சொன்ன காரியம். "அந்த மேசை விளையாட்ட நிப்பாட்டுங்க உம்மா, வீட்டுல ஒரு வேலையும் நடக்குதில்லையாம்" என்றாய். நிப்பாட்டி விட்டேன். அமானி வரைந்த ராச்சியத்தின் படம், நம்பர் எழுதிய துண்டுகள் கிடக்கிற பால்மா டின், எல்லாவற்றையும் அலுமாரியில் வைத்துப் பூட்டியாயிற்று. திறப்பு என் இடுப்பில். தாயக்கட்டை கூடாது என்று நீ சொன்ன அன்றே துண்டுக்கு மாறிவிட்டார்கள், அதற்கும் ஏசாதே.

ஆனால் நிப்பாட்டப் போன இடத்தில் நடந்ததை நீ கேட்க வேண்டும். கரண்ட் வெட்டிய காலத்தில் பிள்ளை கற்றுக்கொண்ட விளையாட்டு அது. அரக்கர் ராசா படையெடுத்து வருகிற ஒரு ராச்சியத்தின் கதையை அமானி நடத்துவாள். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்து, இதைச் செய்கிறேன் அதைச் செய்கிறேன் என்று வாயால் சொல்லவேண்டும், நடந்ததா இல்லையா என்பதை டின்னில் எடுக்கிற துண்டு சொல்லும். உன் பெண்சாதி றிஷ்னா வைத்தியக்காரி. பக்கத்து வீட்டுக் கத்தரினா வாள்வீரன். நான் முதல் நாள் எட்டிப் பார்த்தபோது கத்தரினா ஒரு பூதத்தை வெட்ட வாளை ஓங்கிக்கொண்டிருந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமையும் ஓங்கிக்கொண்டே இருந்தாள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை.

"வாள் இன்னுமா இறங்கல்ல கத்தரினா? கை உளையல்லையா?"

"என்ட கையில என்ன இரிக்கி ஹவ்வாக்கா, உங்கட பேத்தி இறக்க விட்டாத்தானே!"

"ஆறு செக்கன்தான் ஆகியிரிக்கி வாப்பும்மா" என்றாள் அமானி.

ஆறு செக்கனுக்கு இரண்டு கிழமை! அதற்குள் கத்தரினாவின் கறி அடிப்பிடித்து அவளுடைய மனுசன் பாண் வாங்கித் தின்றது வேறு கதை. சரி, இருந்து பேசி நிப்பாட்டுவோம் என்று கதிரையை இழுத்தேன். மேசையில் இருக்கிற ஆள் வேஷம் எடுக்க வேணுமாம். நிற்க ஏலாத முழங்காலை நினைத்து எடுத்தேன். எனக்குத் தெரிந்தது கருவாட்டு வியாபாரம், அந்த ராச்சியத்திலும் அதுதான். கடற்கரையில் ஒரு தோணி மீனை வெட்டி உப்புப் போட்டுக் காய வைத்தேன். நல்ல துண்டு வந்தது, நல்ல வெயில். உன் மகள் வாயைத் திறந்து, "மூணு மாசம் கழிஞ்சிச்சி" என்றாளே பார்க்கவேணும்!

"அடியேய், என்ட கருவாடு?"

"என்ன கருவாடு?"

"மூணு மாசமா வெளியில கிடக்கு. அள்ளி வெச்ச ஆரு? மழை பெய்யல்லையா? காகம் வரல்லையா? மாசம் மாறின எண்டியே, பிறை கண்ட ஆரு?"

"அது சும்மா ஒரு வசனம் வாப்பும்மா!"

"எங்கட வீட்டுல கலண்டரக் கிழிச்சா மாசம் போயிரும்" என்று கத்தரினா நடுவில் வந்தாள்.

"அரக்கன்ட ஊருல உனக்குக் கலண்டர் அச்சடிச்சுத் தாறது ஆரு?" என்றேன்.

அன்று இரண்டு சட்டம் போட்டோம். பிறை காணாமல் மாசம் மாறக்கூடாது, துண்டு ஐந்துக்கு மேலே வந்தால்தான் பிறை. காலத்தைத் தள்ளுகிற நேரம் அந்தக் காலத்தில் தான் என்ன செய்தேன் என்று ஒவ்வொருத்தரும் சொல்லவேணும். அரக்கர் ராசாவின் படை தலைப்பிறையன்று வருவதாக இருந்தது. மூன்றாம் நம்பர் வந்தது, மேகம், பிறை இல்லை. மாசத்தை இருபத்தொன்பதோடு முடிக்காமல் முப்பது நாளாகப் பூரணப்படுத்தினோம். கூடக் கிடைத்த அந்த ஒரு நாளில் கோட்டை மதிலின் ஓட்டையை அடைத்தோம். கத்தரினாவின் வாள் செய்யாததை என் மேகம் செய்தது. பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்தது.

அடுத்த மாசம் றிஷ்னாவின் முறை. வைத்தியக்காரி இந்த மாசம் என்ன செய்தாள் என்று அமானி கேட்டாள். மருந்து இடித்தேன், மந்திரம் படித்தேன் என்பாள் என்று பார்த்திருந்தோம்.

"கிணத்து மோட்டர் பழுதாப் போச்சி. ஆளத் தேடிப் பிடிச்சிச் செஞ்சன். கூரை ஓடு ரெண்டு மாத்தினன். மகளுக்குக் காய்ச்சல், முழிச்சிருந்தன். பிறகு வாசல்ல இருந்தன்."

"உம்மா, இந்த ராச்சியத்துல மோட்டர் இல்ல" என்றாள் அமானி, மெதுவாக.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. கத்தரினாதான், "மோட்டர் இல்லாட்டித் தண்ணிய நான் வாளால வெட்டித் தாறன் மகள்" என்றாள். அதற்குத்தான் றிஷ்னா சிரித்தாள், சிரித்துக்கொண்டே தேத்தண்ணி ஊற்ற எழும்பிப் போனாள்.

அதே கிழமைதான் உன் வொய்ஸ் வந்தது. "இன்னும் ரெண்டு வருஷம்தானே, ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடப் போறன், கண்ண மூடித் திறக்கக்குள்ள போயிரும்." றிஷ்னா அதை வேகம் கூட்டாமல் கேட்டாள். திரும்பவும் கேட்டாள்.

மகன், என் பேத்தியாவது மூன்று மாசத்தைத்தான் தள்ளினாள், கருவாட்டைக் கேட்டதும் திரும்பி வந்து அள்ளியும் வைத்தாள். நீ இரண்டு வருஷத்தை ஒரு வசனத்தில் தள்ளுகிறாய். நம்மட வீட்டுச் சட்டம் உனக்கும்தான். அந்த இரண்டு வருஷத்தில் றிஷ்னா என்ன செய்வாள், அமானி என்ன செய்வாள், என் முழங்கால் என்ன செய்யும், எல்லாம் எழுதி அனுப்பு. எழுத ஏலாவிட்டால் கையெழுத்தைப் போடாதே, டிக்கட்டைப் போடு.

றிஷ்னாவும் அமானியும் சலாம் சொல்லச் சொன்னார்கள். கத்தரினா சுகம் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. உன் ஆயுளிலும் நீ உழைத்துத் தேடுகிற ரிஸ்கிலும் அல்லாஹ் பறக்கத் செய்து பெருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் உம்மா ஹவ்வா உம்மா.

பி.கு: விளையாட்டை நிப்பாட்டி விட்டேன் என்றது பொய்யில்லை, பின்னேர அஸர் தொழுகை வரைக்கும் நிப்பாட்டியது. தொழுதுவிட்டு அலுமாரியைத் திறந்தேன். இந்த முறை பிறை பார்க்கிறது றிஷ்னா. துண்டை எடுத்துப் பார்த்து, "தென்படல்ல" என்றாள். எனக்கு நீட்டினாள். ஒன்பது, டின்னிலேயே பெரிய நம்பர். கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, "தென்படல்லதான்" என்று நானும் சொன்னேன். கத்தரினாவும் கண்டாள், தென்படவில்லை என்று தலையாட்டினாள். அமானி எங்கள் மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் துண்டை டின்னில் போட்டாள். நம்மட பிறையென்றால் மாசம் முப்பதோடு முடிந்துவிடும், இது அரக்கர் நாட்டுப் பிறை. ராசாவும் படையும் கோட்டை வாசலில் நிற்கிறார்கள். கால் உளைந்தால் உளையட்டும். நீ வந்து கண்டதாகச் சொன்ன பிறகுதான் மாசம் மாறும்.