இரும்பைக் கட்டிக்கொடுத்த சம்பந்தி

வடசென்னையில் அதிகப் பெண்களைக் கட்டிக்கொடுத்த தகப்பன் யார் என்று ஒரு போட்டி வைத்தால், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இரண்டாவது இடத்துக்குத்தான் ஆள் தேட வேண்டும். முதல் இடம் எங்கள் சம்பந்திக்கு. அவர் பெற்றது என்னவோ ஸ்டெல்லா என்ற ஒரே பெண்ணைத்தான். மற்றதெல்லாம் இரும்பு.

திருவொற்றியூரில், கடல் காற்று தகரக் கூரையைத் தின்றுகொண்டிருந்த ஒரு பழைய வார்ப்பிரும்புக் கம்பெனியில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். சரக்கு வெளியே போகும் வாசலில் எனக்கொரு மேசை. அந்த வாசலின் மேஸ்திரி அவர். உலையில் உருக்கி, அச்சில் ஊற்றி, ஆறவைத்து, உரசித் தேய்த்த உருப்படிகளை லாரியில் ஏற்றி அனுப்புவது அவர் வேலை. பட்டியலில் ஏதோ பெயர் இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சம்பளத்தன்று காசாளர் அந்தப் பெயரைச் சொன்னால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

லாரி கிளம்பும் முன் ஒரு சடங்கு உண்டு. முதல் உருப்படியின் மேல் சிலுவை போடுவார். ஏற்றுக்கூலி ஆட்களின் திருப்திக்காகக் குங்குமமும் வைப்பார். பிறகு டிரைவரிடம் போய் நிற்பார்.

"நைனா, மேடு பள்ளம் பாத்து எட்த்துனு போ. போய் எறக்கசொல்ல தொபுக்குனு போடாத. புது வூடு. மொத நாளே அடிபட்டா மனசு வுட்டுப் பூடும்."

"இன்னாத்துக்கு மனசு வுட்டுப் பூடும்?"

"சாக்கடை மூடிக்கு."

புது டிரைவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் குனிந்து எழுதிக்கொண்டிருப்பேன்.

கம்பெனியின் சரித்திரம் அவர் வாயிலிருந்துதான் எனக்குத் தெரியும். ஒரு வெள்ளைக்காரன் கப்பலில் வந்து இறங்கினான். அவன் பெட்டியைத் தூக்கிய கொக்கி உடைந்து, பெட்டி கடலில் விழுந்தது. "அந்தக் காண்டுலதான் நைனா, ஒயுங்கா ஒரு கொக்கி பண்றேன்டான்னு கம்பெனியத் தொறந்தான்." பெட்டிக்குள் என்ன இருந்தது என்பது ஒவ்வொரு முறையும் மாறும். ஒருமுறை விஸ்கி, ஒருமுறை துரைசாணியின் கவுன்கள். அவருக்குத் தலைவலி உள்ள நாட்களில் துரைசாணியே விழுந்துவிடுவாள்.

கொக்கி நிஜமோ இல்லையோ, அதன் பிறகு நடந்ததெல்லாம் நிஜம். கப்பலுக்கு நங்கூரம், துறைமுகத்தில் கயிறு கட்டும் முளை, தெருவுக்கு விளக்குக் கம்பம், பங்களாவுக்குச் சுழல் படிக்கட்டு, கிணற்றுக்கு அடிபம்பு என்று நகரம் எதைக் கேட்டதோ அதை எங்கள் உலை ஊற்றிக் கொடுத்தது. மூன்று ஷிப்டு ஓடிய காலத்தில் எங்கள் சங்கொலியைக் கேட்டுத்தான் அக்கம்பக்கத்தில் உலை வைத்தார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு விரட்டினார்கள். துரை போய் சேட்டு வந்தார், சேட்டு போய் நம்மூர் முதலாளி வந்தார். உலை மட்டும் அணையவில்லை.

அனுப்பியதோடு விட்டிருந்தால் அவர் வெறும் மேஸ்திரி. விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒரு மொபெட்டில் கிளம்பி, கட்டிக்கொடுத்த பெண்களையெல்லாம் பார்த்து வருவார். கல்யாணம் ஆகாத எனக்கு ஞாயிற்றுக்கிழமை போக்கிடம் இல்லாததால் பின்சீட்டு என்னுடையது.

தண்டையார்பேட்டையில் ஒரு சந்து முனையில் எங்கள் கம்பெனி விளக்குக் கம்பம் ஒன்று இருந்தது. ஒரு ஞாயிறு போனபோது அதில் ஒரு கிடா கட்டியிருந்தது. பக்கத்தில் இட்லிக் கடை போட்டிருந்த அம்மாளின் கிடா. மேஸ்திரி மொபெட்டை நிறுத்தக்கூட இல்லை, என் கையில் விட்டுவிட்டு இறங்கினார்.

"இன்னாம்மா இது, எம்பொண்ணு கய்த்துல ஆட்டக் கட்டிவச்சிகீற?"

அந்த அம்மாள் இட்லித் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உம்பொண்ணா? ஆறு மாசமா எரியாம மூஞ்சத் தூக்கி வச்சினு நிக்குது. பொண்ணக் கட்டிக் குடுத்தவரு இப்பதான் வர்றீரு. வந்து இன்னான்னு கேளும் சம்பந்தி."

அன்றைக்கு விழுந்த பெயர்தான் அது. அவர் முகத்தில் வந்த பூரிப்பைப் பார்க்க வேண்டும். யாரோ பதக்கம் குத்தியதுபோல நின்றார். மறுநாளிலிருந்து மூன்று நாள் லீவு போட்டு, லைன்மேன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, அவரைக் கையோடு கூட்டிவந்து விளக்கை எரியவைத்தார். அடுத்த ஞாயிறு இட்லிக் கடை அம்மாள் எங்களிடம் காசு வாங்கவில்லை. "பொண்ணு வூட்டுக்காரங்க கைல காசு வாங்குனா நல்லா இருக்காது" என்றாள். கிடாவைக் கடை பெஞ்சின் காலில் கட்டியிருந்தாள். அது பெஞ்சைத் தின்றுகொண்டிருந்தது.

துறைமுகத்துக்குள் போக எங்களுக்கு அனுமதி கிடையாது. ஆனால் மீன்பிடித் துறையில் எங்கள் முளை ஒன்று உண்டு. அதில் விசைப்படகுக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்த ஆளிடம் போய், "கொஞ்சம் லூசா கட்டு மாமு, மூச்சு முட்டப் போவுது" என்றார். அந்த ஆள் கயிற்றைக் கட்டி முடித்துவிட்டு, நிதானமாக நிமிர்ந்து, என்னிடம் கேட்டார்: "எந்த ஆஸ்பத்திரிலேருந்து இட்டாந்த?"

சம்பந்தியின் மனைவி ஆரோக்கியமேரி கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான். கம்பெனி குவார்ட்டர்ஸில் அவர்கள் வீடு கடைசி வீடு. மேரியக்கா பேசினால் முதல் வீடு வரை கேட்கும்.

"பெத்த பொண்ணு மாத்தூர்ல கீது. அத்தப் போய்ப் பாக்க நேரம் இல்ல. ஊர்ல கீற சாக்கடை மூடியல்லாம் நலமான்னு கேக்கப் போவுது இந்த ஆளு. டேய் தம்பி, நீ படிச்சவன்தான, நீயுமாடா கூடப் போற?"

"ஸ்டெல்லாக்கு இன்னாடி, மாப்ள தங்கமா வச்சிகீறான். இதுங்கள ஆர் பாப்பா?" என்பார் சம்பந்தி. அதில் ஒரு நியாயம் இருப்பதுபோல எனக்கும் தோன்றிவிடும். அதுதான் அவரோடு சுற்றுவதில் இருந்த அபாயம்.

பிறகு எங்கள் இரும்புக்கு மவுசு குறைய ஆரம்பித்தது. அடிபம்பு போய் மோட்டார் வந்தது. விளக்குக் கம்பங்கள் மெலிந்த எஃகுக் குழாய்களாகின. சாக்கடை மூடிகளைத் திருடி விற்கிறார்கள் என்று கண்ணாடி நாரும் பிசினும் சேர்த்துச் செய்த இலேசான மூடி போட ஆரம்பித்தார்கள். அது துருப்பிடிக்காது, யாரும் திருட மாட்டார்கள், விலையும் குறைவு. மூன்று ஷிப்டு இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, உலை வாரத்துக்கு இரண்டு நாள் எரிந்தது. சங்கு ஊதினால் ஏதோ தவறுதலாக ஊதியதுபோல ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நார் மூடியை சம்பந்தி முதன்முதலாகச் சந்தித்தது ராயபுரத்தில், மாதா கோவிலுக்குப் போகும் தெருவில். சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து விரலால் சுண்டினார். "கனமே இல்ல நைனா. காத்தடிச்சா பொறந்த வூட்டுக்குப் பறந்து வந்துடும்" என்றார். இது எத்தனை நாள் தாங்கும் என்று அந்தத் தெருவுக்கு நிரூபித்துக் காட்ட முடிவு செய்து, மேலே ஏறிக் குதிக்க ஆரம்பித்தார். பூசைக்குப் போகிறவர்கள் நின்றார்கள். பூசைக்குப் போகாதவர்களும் வந்து நின்றார்கள். மூடி அசையவில்லை. நான்காவதோ ஐந்தாவதோ குதிப்பில் அவர் கணுக்கால் பிசகியது. நானும் ஒரு ஆட்டோக்காரரும் அள்ளிக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது, "தாங்குது" என்றார் மெதுவாக.

அந்த ஒரு வார்த்தையில் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அடுத்த மழைக்குள் சின்ன முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு, இனி இந்த இடத்தில் கண்டெய்னர் அடுக்கப் போகிறோம், உலையை அணைக்கிறோம் என்று சொன்னபோது, கத்தியவர்களில் அவர் இல்லை.

கடைசி லோடு அரை லாரிகூட இல்லை. வழக்கமான சிலுவை, வழக்கமான குங்குமம். டிரைவர் புத்திமதிக்காகக் காத்திருந்தான். சம்பந்தி லாரியின் பக்கவாட்டுப் பலகையில் இரண்டு தட்டு தட்டினார். லாரி போனது. வாசலில் அவரும் நானும் மட்டும் நின்றோம்.

"தம்பி, இனிமே ஞாயித்துக்கெயமைல இன்னா பண்றது?" என்றார்.

அதே கேள்வியை வீட்டுக்கும் கொண்டுபோனார். மேரியக்காவுக்குப் பதில் தெரிந்திருந்தது. "மாத்தூருக்குப் போ" என்றாள்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்தது. கையில் வந்ததை வைத்து அவர்கள் சடையங்குப்பத்தில் ஒரு சின்ன தளம் போட்ட வீடு வாங்கினார்கள். பள்ளமான இடம். மொட்டைமாடிக்குப் படி கிடையாது. துணி காயப்போட வேண்டுமென்றால் மேரியக்கா பக்கத்து வீட்டு மூங்கில் ஏணியை இரவல் வாங்க வேண்டும். எனக்கு பாரிமுனையில் ஒரு கப்பல் ஏஜெண்டிடம் வேலை கிடைத்தது, கல்யாணமும் ஆனது. சம்பந்தியைப் பார்ப்பது குறைந்தது.

ஒருநாள் போன் வந்தது. "தம்பி, ஞாயித்துக்கெயமை வா. நம்ம ஆளுங்கல்லாம் வர்றாங்கோ. பிரியாணி கீது."

போனேன். ராயபுரத்தில் ஏதோ பழைய பங்களாவை இடித்திருக்கிறார்கள். அதிலிருந்த எங்கள் கம்பெனி சுழல் படிக்கட்டு கழற்றப்பட்டு காயலாங்கடைக்கு வந்திருக்கிறது. உடைத்து எடைக்குப் போட இருந்தவர்களிடம் சம்பந்தி போய் நின்றிருக்கிறார். கடை பாய் நல்ல மனிதர், ஆனால் வியாபாரி. கடைசியில் மொபெட்டைக் கொடுத்துவிட்டுப் படிக்கட்டை வாங்கி, மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். நான் போன நேரம் மேரியக்கா விசாரணையின் நடுவில் இருந்தாள்.

"வண்டி எங்க?"

"வண்டிக்கு பதிலு படி வந்துகீது."

"இந்தப் படி எங்கப் போவும்?"

"மேல போவும்."

"மேல இன்னா கீது?"

அவர் அண்ணாந்து பார்த்தார். மேலே காக்காய் ஒன்று போனது. "இப்போதைக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

பழைய கம்பெனி ஆட்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, நடுத்தண்டை நிறுத்தி, அடியில் கான்கிரீட் போட்டு, ஒவ்வொரு படியாகக் கோத்து, சுவரோடு பிணைத்து நிமிர்த்தினார்கள். நிமிர்ந்தபின்தான் தெரிந்தது, அது இரட்டை மாடிப் பங்களாவின் படிக்கட்டு. சம்பந்தியின் மொட்டைமாடி பாதியிலேயே வந்துவிட்டது. மிச்சப் படிகள் மாடியைத் தாண்டி, சுற்றிச் சுற்றி, வெறும் ஆகாயத்துக்குப் போயின. தெருவே வந்து பார்த்தது. ஒரு பையன், "தாத்தா, இதுல ஏறுனா நேரா பரலோகமா?" என்று கேட்டான். மேரியக்கா, "உங்க தாத்தாவ மொதல்ல அனுப்பிப் பாக்கறேன்" என்றாள். அந்த வாரம் முழுக்க அவர் வாழாவெட்டியாக வந்த பெண்ணுக்காகப் பேசும் தகப்பன்போல, "எங்க வூட்டோட இருந்துட்டுப் போவுது, யாருக்கு இன்னா பேஜாரு?" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அப்புறம் ஒரு டிசம்பரில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் விடியும்போது ஏரித் தண்ணீரும் கால்வாய்த் தண்ணீரும் ஒன்றாகி சடையங்குப்பத்துக்குள் வந்துவிட்டன. டிவியில் படகு காட்டினார்கள். சம்பந்திக்குப் போன் போட்டேன், மணி அடிக்கவில்லை. மாத்தூரில் ஸ்டெல்லாவுக்குப் போட்டேன். "எனக்கும் கெடைக்கலண்ணா, இங்கயும் தெருவெல்லாம் தண்ணி" என்று அழுதாள். நான் ஒரு பையில் ரொட்டி, மெழுகுவத்தி எல்லாம் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மணலி வரை ஒரு லாரி. அதற்கப்புறம் நடை. முழங்கால், தொடை, இடுப்பு என்று தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது.

அவர்கள் தெருவுக்குள் திரும்பியபோது வீடுகள் ஜன்னல் வரை மூழ்கியிருந்தன. மழை இரைச்சலில் மனித அரவமே கேட்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் எப்படியிருந்தது என்று எழுத எனக்கு இஷ்டமில்லை.

மேலேயிருந்து குரல் வந்தது.

"ஒரு ஆளு காலு வைக்கசொல்ல இன்னொரு ஆளு நில்லு. மூணாவது படில வயுக்கும், பாத்து. நைனா, உங்கம்மாவத் தோள்ல தூக்கிக்க. ஜல்தி இல்ல, படி எங்கயும் பூடாது."

மொட்டைமாடி முழுக்கத் தெரு. கிழவிகள், பிள்ளைகள், ஒரு நிறைமாத கர்ப்பிணி, இரண்டு ஆடு, கேஸ் அடுப்பு. மூங்கில் ஏணி அதிகாலையிலேயே அடித்துக்கொண்டு போய்விட்டதாம். சுழல் படிக்கட்டு தண்ணீருக்குள்ளிருந்து கிளம்பி, யாருடைய அனுமதியும் கேட்காமல் நின்றுகொண்டிருந்தது. சம்பந்தி மாடி விளிம்பில் நின்று, பழைய வாசலில் லோடு ஏற்றிய அதே தோரணையில் ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டிருந்தார்.

மாடிக்கு மேலே ஆகாயத்துக்குப் போன படிகளின் உச்சியில், பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மேரியக்கா உட்கார்ந்திருந்தாள். அங்கே மட்டும்தான் செல்போன் சிக்னல் வந்ததாம். தெருவில் யார் யாருக்கு எந்த ஊரில் சொந்தமோ, எல்லோருக்கும் அவள்தான் சேதி சொல்லிக்கொண்டிருந்தாள். இறங்கச் சொன்னால், "சும்மா இரு, லைன்ல ஸ்டெல்லா கீது" என்று அதட்டினாள்.

சம்பந்தி என்னைப் பார்த்தார். நான் உயிரோடு இருக்கிறேனா என்றெல்லாம் விசாரிக்கவில்லை.

"வா தம்பி, ஏறு. வலுவாத்தான் கீது, ஊருக்கே தாங்குது" என்றார். நான் ஏறி முடித்ததும் தன் ஈரத் துண்டைப் பிழிந்து என் தலையைத் துவட்டினார். ஈரத் துண்டால் ஈரத் தலையைத் துவட்டுவதில் பயனில்லை. இருவரும் கொஞ்ச நேரம் அதைக் கண்டுகொள்ளவில்லை.

வீடு திரும்பியதும் என் மனைவி, அத்தனை தண்ணீரில் எதற்காகப் போனீர்கள் என்று கேட்டாள். ரொட்டி கொடுக்க என்றேன். உண்மையில் ரொட்டி மணலி தாண்டிய முதல் திருப்பத்திலேயே கரைந்துபோயிருந்தது. அங்கேயே திரும்பியிருக்கலாம்.