ஜப்பான் படப்பெட்டி வாங்கப்போகிறவர்

உலகத்தில் வாங்குகிறவர்கள் உண்டு, வாங்காதவர்களும் உண்டு. இந்த இரண்டு இனத்தாரைப் பற்றியும் நமக்கு ஒரு புகாரும் இல்லை. முன்னவர் காசைக் கொடுத்துவிட்டுப் பொருளோடு வீடு போவார். பின்னவர் பொருளைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு காசோடு வீடு போவார். இருவருக்கும் படுத்தால் தூக்கம் வரும். நாம் பார்க்கப்போவது மூன்றாவது இனம்: வாங்கப்போகிறவர். இவருடைய உடம்பு எங்கே இருந்தாலும் மனசு ஏதோ ஒரு கடையின் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நின்று மோவாயைத் தடவிக்கொண்டிருக்கும். மதில்மேல் பூனை என்று சொல்லிவிடாதீர்கள். பூனைக்கு எப்போதாவது பசிக்கும். ஏதாவது ஒரு பக்கம் குதித்துவிடும்.

மாதிரிக்கு நம் ஜப்பான்காரரை எடுத்துக்கொள்வோம். அவர் ஜப்பானில் பிறந்தவரில்லை, அந்தப் பக்கம் போனவரும் இல்லை. தண்ணீர் மோட்டார் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் கொள்முதல் அதிகாரி. மூன்று இடத்தில் விலைப்புள்ளி வாங்கி, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் அங்கே ஒரு திருகாணிகூட உள்ளே வராது. தொழிற்சாலைக்கு அது நல்ல பழக்கம்தான். செம்புக் கம்பியும் இரும்புத் தகடும் லாரி லாரியாக வாங்குகிற இடத்தில் அப்படித்தான் இருக்கவேண்டும். ஆனால் மனிதர் சாயங்காலம் சட்டையைக் கழற்றுகிறபோது அந்தப் பழக்கத்தையும் கழற்றி மாட்டியிருக்கலாம். அது நடக்கவில்லை. வீட்டுக்கு மின்விசிறி வாங்க மூன்று அபிப்பிராயம், மூன்றையும் எடைபோட ஒரு கோடைக்காலம். விசிறி வந்து சேர்ந்தபோது போர்வை தேவைப்பட்டது.

ஜப்பான்காரர் என்ற பட்டம் எப்படி வந்தது? பழைய ஜப்பானிய இயக்குநர் ஒருவருடைய கறுப்பு வெள்ளைப் படங்கள் மொத்தத்தையும் டிவிடியில் போட்டு, சாம்பல் நிறப் பெட்டி ஒன்றில் அடுக்கி, கூடவே தடிமனான ஒரு கையேட்டையும் வைத்து விற்றார்கள். அதை அவர் வாங்கப்போகிறார். ஆபீஸில் தெரியும், தெருவில் தெரியும், முடிவெட்டுகிறவருக்குத் தெரியும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குக் கழிப்பறை எந்தப் பக்கம் என்று சொல்வதற்கு முன்பே, "அவர் ஒரு ஜப்பான் பெட்டி வாங்கப்போறார்" என்று சொல்லிவிடுவார்கள். எந்தப் படத்தில் எத்தனையாவது காட்சியில் மழை பெய்யும், அந்த இயக்குநர் எந்த வருஷம் எந்தத் தயாரிப்பாளரிடம் கோபித்துக்கொண்டார், முதல் பதிப்பின் சப்டைட்டிலில் எங்கே தப்பு, எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். உணவு இடைவேளையில் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவரின் தட்டு காய்ந்துவிடும்.

சரி, அதில் எத்தனை படம் பார்த்திருக்கிறார்?

ஒன்றுகூட இல்லை. முதல் தடவை பார்ப்பதைக் கண்ட கண்ட பிரதியில் பார்த்துக் கெடுத்துக்கொள்ளக் கூடாதாம். "வாங்கறதுன்னா ஒரே தடவை, உருப்படியா வாங்கணும். காசு ஒரு பொருட்டே இல்ல" என்பார். காசு பொருட்டில்லை என்று சொல்கிறவரிடம் கடைக்காரர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். இந்தப் பெட்டியை வைத்திருந்த கடைக்காரர் ஆரம்பத்தில் நாற்காலி போட்டார், தேநீர் வரவழைத்தார். நம்மவர் பெட்டியை வாங்கி முன்பக்கம் பார்ப்பார், பின்பக்கம் பார்ப்பார், முதுகில் இருக்கும் சின்ன எழுத்தைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு தடவையும் போட்டுக்கொண்டு ஒரு தடவையும் படிப்பார், பெட்டி திறந்துகொள்ளுமோ என்று பயந்தவர்போலப் பழைய இடத்திலேயே மெல்ல வைத்து, வரிசை பிசகாமல் ஒரு விரலால் தள்ளிவிட்டு, "அவசரமென்ன, பாத்துக்கலாம்" என்பார். நாளடைவில் தேநீர் நின்றது. பிறகு நாற்காலியும் போயிற்று.

வீட்டில் இணையம் இருக்கிறது அல்லவா? அங்கே போய் ஒருவர் கருத்தைக் கேட்பார். அவர் அருமை என்பார். இரண்டாமவர் மோசம் என்பார். ஆகவே மூன்றாமவர் தேவைப்படுவார். அந்த மகானுபாவர், "கொஞ்சம் பொறுங்கள், புதிய பதிப்பு வரப்போவதாகக் கேள்வி" என்று எழுதுவார். போதாதா? புதிய பதிப்பு வருமா வராதா என்று தெரிந்துகொள்ள இன்னும் மூன்று பேர்.

இந்த ஆராய்ச்சியால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். அவருக்கு மனைவி ஒருத்தி இருக்கிறாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கையை மடக்கச் சொல்வாள், நரம்பைத் தொட்டுப் பார்ப்பாள், ஊசி உள்ளே போய்விடும். இந்த நரம்பா அந்த நரம்பா என்று யோசித்துக்கொண்டிருந்தால் வந்தவர் எழுந்து போய்விடுவாரே. மகள் படிப்புக்காக விடுதிக்குப் போனபிறகு அந்த வீட்டில் பேச்சு குறைந்துபோயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் சோபாவின் இந்த மூலையில் அவர், அந்த மூலையில் அவள், நடுவில் மகள் உட்காருகிற இடம். "ஏதாவது படம் போடுங்களேன், சேர்ந்து பாக்கலாம்" என்று ஒருநாள் கேட்டாள்.

"அந்தப் பெட்டி வரட்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு படம். நீயும் நானும்" என்றார்.

அவள் அதை நம்பினாள். அவளுக்கு ஜப்பானும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். தனியாகத்தான் இருந்தாள், அது அவளுக்கு வலித்தது, அவ்வளவுதான். சனிக்கிழமைகள் வந்தன, போயின. கடைசியில் பொறுமை இழந்து, கல்யாண நாளன்று வேலையிலிருந்து திரும்பும் வழியில் கடைக்குள் நுழைந்து பெட்டியை வாங்கிக்கொண்டு வந்து அவர் மடியில் வைத்தாள்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? சந்தோஷப்பட்டிருப்பீர்கள். நம்மவர் திருடன் புகுந்த வீட்டுக்காரர்போல விழித்தார். இத்தனை காலமாகச் சோறு போட்டுத் தண்ணீர் ஊற்றி வளர்த்த யோசனையை ஒரே நிமிஷத்தில் அவள் கொன்றுவிட்டாளே!

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார்.

"கேட்டா வாங்கியிருப்பீங்களா?"

"மேல் காகிதத்தைக் கிழிச்சிடாதே. பிரிக்காம இருந்தா ஒரு வாரத்துக்குள்ள திருப்பிக் கொடுக்கலாம். புதுப் பதிப்பு வருதாம்."

அவள் டிவிக்கு எதிரில் ஏற்கெனவே இரண்டு தலையணை போட்டு வைத்திருந்தாள். அதில் ஒன்றை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, "உங்க இஷ்டம்" என்றாள். இந்த இரண்டு சொல்லுக்குக் குடும்பங்களில் என்ன பொருள் என்பது குடும்பம் நடத்தியவர்களுக்குத் தெரியும். நம்மவருக்கும் தெரிந்திருக்கவேண்டும், ஆனால் அவர் இரண்டாவது அபிப்பிராயத்துக்குக் காத்திருந்தார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே வரம் கைக்கே வந்துவிட்டது. வாங்கிக்கொண்டவரே அதைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினார். அவருடைய ஸ்கூட்டர் அன்று மெக்கானிக்கிடம் இருந்தது. மனைவியின் தம்பி தன் காரில் கொண்டுபோய் விட்டான். இந்த மைத்துனன் முதல் இனத்தைச் சேர்ந்தவன். சோப்பு வாங்கப் போய்ச் சைக்கிள் வாங்கி வருவான்.

கடைக்காரர் பெட்டியைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். "சார், இது உங்க வீட்டம்மா வாங்கிட்டுப் போனதாச்சே. அவங்க வந்து வாங்கின வேகத்துக்கு வெளியில ஆட்டோவைக்கூட அணைக்கச் சொல்லல, சார்."

"அதெல்லாம் சரி. புதுப் பதிப்பு…"

"என்ன அத்தான் இது?" என்று மைத்துனன் எட்டிப் பார்த்தான்.

கேட்டானே! அதுவரை அவரிடம் யாரும் இப்படி ஆசையாகக் கேட்டதில்லை. ஆரம்பித்துவிட்டார். அந்த இயக்குநரின் பொறுமையைச் சொன்னார், ஒரு மனிதன் கதவைத் திறக்கிறதையே அவர் எப்படிக் காட்டுவார் என்று கடைக் கதவைத் திறந்து காட்டினார், உலகத்தில் யாருக்கும் வராத கை என்றார், வெறும் கறுப்பும் வெள்ளையும் வைத்துக்கொண்டு இருபது விதமான சாயங்காலம் காட்டியவர் என்றார். கல்லாவிலிருந்த கடைக்காரரே எழுந்து நின்றுவிட்டார்.

"அவ்வளவு நல்லதா? அப்ப நான் எடுத்துக்கறேன்" என்றான் மைத்துனன்.

"நல்லதுதான் மாப்ளே. ஆனா…"

அந்த 'ஆனா' கடைக்காரரின் இயந்திரம் பில்லைத் துப்பிய சத்தத்தில் அமுங்கிப்போயிற்று. நம்மவர் ஒரு பொருளைத் திருப்பிக் கொடுக்க வந்தவர். அதே பொருளைத் தன் வாயாலேயே விற்றுக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நின்றார். நுணலும் தன் வாயால் கெடும். காருக்குள் ஏறியதும் மைத்துனன் மேல் காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தான். நம்மவருக்குத் தன் பல் கூசியது.

அந்தச் சனிக்கிழமையே மைத்துனன் போன் செய்தான். "அக்கா, படம் போடறோம், வாங்க. அத்தானையும் கூட்டிட்டு வாங்க."

அத்தான் போகவில்லை. இதைவிட நல்ல பிரதி வரப்போகிறபோது இதில் பார்த்து மனசைக் கெடுத்துக்கொள்வதா? அவள் போனாள். திரும்பி வந்தபோது அவள் முகம் கழுவிவிட்டாற்போல இருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் சொல்ல ஆரம்பித்தாள்.

"ஒரு குடை ரிப்பேர் பண்றவருங்க. அவரு மக வந்து…"

"கதையைச் சொல்லாதே!" என்று காதைப் பொத்திக்கொண்டார். "நான் பாக்கணும். படம் திரை முழுக்க வந்துச்சா? ஓரம் வெட்டலையே?"

"நான் அழுதுட்டிருந்தேன். ஓரத்தைப் பாக்கல."

அதற்கப்புறம் அவள் கதை சொல்வதை விட்டுவிட்டாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் போனாள், வந்தாள். சிலநாள் தனக்குள்ளே சிரித்துக்கொண்டே வந்தாள். அவர் இருந்த இடத்தில் இருந்தபடி அந்தந்தப் படத்துக்கு மூன்று விமர்சனம் படித்து, அவள் எந்த இடத்தில் சிரித்திருப்பாள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். கணக்கு ஒத்துவரவில்லை.

புதிய பதிப்பு? அது வரவில்லை. வரப்போவதாகச் சொன்ன அந்த மூன்றாமவர், தான் வேறு எதையோ நினைத்துக்கொண்டு எழுதிவிட்டதாக ஒரு சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை, "இன்னிக்குக் கடைசிப் படம். வர்றீங்களா, இல்லையா?" என்று வாசலில் நின்று கேட்டாள். அவர் ஒரு காலில் செருப்பை மாட்டினார். மற்றக் காலைப் பற்றி யோசித்தார். வாசிக்க ஆரம்பிக்கும் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்தா வாசிப்பார்கள்? அப்படியானால் கடைசிப் படத்தை முதலில் பார்க்கலாமா? நியாயமான கேள்வி. அவர் நிமிர்ந்தபோது வாசலில் யாரும் இல்லை.

வீடு அன்றைக்கு ரொம்ப வெறிச்சென்று இருந்தது. தனியாக இருக்கிறோம் என்பது அவருக்கு வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது; பயம்கூட வந்தது. யாரிடமும் அபிப்பிராயம் கேட்காமல் எழுந்து, பூட்டியும் பூட்டாமலும் கதவைச் சாத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்க மைத்துனன் வீட்டுக்கு ஓடினார். நல்ல காரியம். ஆனால் அவர் உள்ளே நுழைந்தபோது கூடம் இருட்டாக இருந்தது. திரையில் கறுப்புப் பின்னணியில் ஒரே ஒரு வெள்ளை ஜப்பானிய எழுத்து நின்றுகொண்டிருந்தது. அந்த எழுத்தை அவர் எத்தனையோ கட்டுரைகளில் பார்த்திருக்கிறார்.

"இதுக்கு முடிஞ்சதுன்னு அர்த்தம்" என்றார், அந்த இருட்டைப் பார்த்து.

"தெரியுதுங்க" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

விளக்கைப் போட்டார்கள். மைத்துனன் நல்ல பையன். பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினான். "நாங்க பாத்து முடிச்சாச்சு அத்தான். நீங்க எடுத்துட்டுப் போங்க. அக்காவும் இன்னொரு தடவை பாக்கணும்னு சொன்னாங்க, உங்களோட."

அவர் வாங்கினார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு முதுகைப் பார்த்தார்.

"மூலை கொஞ்சம் நசுங்கியிருக்கு மாப்ளே" என்றார். "யோசிச்சு சொல்றேன்."

அவள் படியிறங்கிப் போய்விட்ட சத்தம் அவர் காதில் விழவில்லை. கையேட்டின் பக்கங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், உங்களுக்கு ஜப்பான் படமே பிடிக்காது, கடைக்குப் போனால் எடுத்தோம் வந்தோம் என்று இருப்பீர்கள், நமக்குத் தெரியாதா? ஆனால் ஒரு சந்தேகம். புத்தகக் கடையில் நின்றுகொண்டே இந்தப் பக்கம் வரைக்கும் படித்துவிட்டீர்களே, அது எப்படி? விலையைப் பார்த்தாயிற்று, பின்னட்டையைப் பார்த்தாயிற்று, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு இன்னொரு சுற்று சுற்றி வரலாமா என்ற யோசனையும் வந்தாயிற்று. நன்றாக யோசியுங்கள், ஒன்றும் அவசரமில்லை. உங்களோடு வந்தவர், "சீக்கிரம் வா" என்று சொல்லிவிட்டு வாசலில் நின்றாரே, அவர் இன்னும் அங்கேதான் நிற்கிறாரா என்று மட்டும் ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.