ஜூனியர் அப்பாவும் டெபுட்டி அம்மாவும்

டிக்கோயா
ஞாயிறு, பூசை முடிந்த பிறகு

கொழும்பு வரைக்கும் நீளும் மரியாதைக்குரிய கஸ்பர் மாமா அவர்களுக்கு,

மருமகன் டக்ளஸ் எழுதிக்கொள்வது. இங்கே மழை சுகம், அட்டைகள் மிகச் சுகம், அவற்றுக்கு இரத்தம் கொடுத்துக்கொண்டு நாங்களும் சுகம். அங்கே தாங்களும் தாங்கள் வேலை செய்யும் ஹோட்டலும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறோம்.

முதற்கண் ஒரு முக்கிய அறிவித்தல். தங்கள் மருமகன் ஒன்பதாம் வகுப்பின் வைஸ் மொனிட்டராக நியமிக்கப்பட்டுள்ளான். மொனிட்டர் ஜெயமலர் வராத நாட்களில் கரும்பலகையை அழிக்கும் முழு அதிகாரமும் எனக்கே. ஜெயமலர் இதுவரை ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை, அது வேறு விஷயம். ஆனால் 'வைஸ்' என்றதும் எங்கள் லயத்து வீட்டு வரிசையே திரும்பிப் பார்த்தது மாமா. அப்போதுதான் எனக்கு இங்கிலீஷின் ரகசியம் பிடிபட்டது. நம்ம பாஷையில் கீழே இருக்கிறவனைச் சொன்னால் அவன் கீழேயே கிடக்கிறான். பெரிய கங்காணிக்குக் கீழே இருக்கிறவரைச் சில்லறைக் கங்காணி என்றால் ஏதோ மடியில் கிலுங்குகிற காசு மாதிரி இருக்கிறது. அதையே சப் கங்காணி என்று சொல்லிப் பாருங்க, ஆளுக்கு ஒரு மேசையும் மேசைமேல ஒரு மணியும் வந்துருது. நம்ம சின்ன தொரைகூட இங்கிலீஷ்ல வெறும் அசிஸ்டன்ட்தான், ஆனா அவரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டா நாய்கூட எந்திரிச்சு நிக்குது.

இந்த ரகசியத்தை நான் சும்மா வச்சிருக்கல. ஐவி அக்காவைப் பொண்ணு பார்க்க ஏற்கெனவே ரெண்டு இடத்துல இருந்து வந்தது உங்களுக்குத் தெரியும். ரெண்டு பேரும் பலகாரத்தைச் சாப்பிட்டுட்டு, அப்பா என்ன வேலைன்னு கேட்டாங்க. அப்பா தேயிலை ஸ்டோர்ல கொழுந்து காய வைக்கிற அடுப்புக்கு விறகு போடுறேன்னாங்க. ரெண்டு பேரும் பிறகு சொல்லி அனுப்புறோம்னு போனாங்க, இன்னும் அனுப்பிக்கிட்டே இருக்காங்க. அக்கா பொண்ணு பார்க்க வந்தப்ப கட்டின நீலச் சேலையை மடிச்சு பெட்டிக்கு அடியில வச்சிட்டாங்க, அவ்வளவுதான். அதனால லிந்துலையில இருந்து மூணாவது இடம் வருதுன்னதும் நான் இறங்கிட்டேன். பொய் சொல்லக்கூடாதுன்னு ஃபாதர் சொல்லியிருக்காங்க. உண்மையை இங்கிலீஷ்ல சொல்லக்கூடாதுன்னு சொல்லல. அப்பாவை டிரையர் டிபார்ட்மென்ட் ஜூனியர் அசிஸ்டன்ட் ஆக்கினேன். ஜூனியர்னா என்னடான்னு கேட்டாங்க, இளமையானவர்னு சொன்னேன், உடனே போய்த் தலை சீவிக்கிட்டு வந்தாங்க. கொழுந்து பறிக்கப் போறவங்க பிள்ளைகளைப் பார்த்துக்கிற பிள்ளைக்காம்பரா ஆயாவுக்குச் சுகமில்லாத அன்னைக்கு அம்மா போய்த் தொட்டில் ஆட்டுவாங்கல்ல, அதனால அம்மா டெபுட்டி மேட்ரன்.

வந்தவங்களும் லேசுப்பட்ட ஆளுங்க இல்ல மாமா. மாப்பிள்ளை பெனடிக்ட், சப் போஸ்ட் ஆபீஸ்ல ஆக்டிங் அசிஸ்டன்ட். அவரோட அப்பா ஒரு எஸ்டேட்ல விறகு செக்ஷனுக்கு சப் இன்சார்ஜ். எங்க பக்கம் ஒரு டெபுட்டி போட்டா அந்தப் பக்கம் ரெண்டு சப் விழுது. எங்க ஒத்தை அறைக் காம்பராவுல உத்தியோகம் நெருக்கியடிச்சு, உட்கார இடமில்ல. எல்லாம் நல்லாத்தான் போயிருக்கும், அம்மா ஒரு வேலை பண்ணாம இருந்திருந்தா. நம்ம பக்கம் காற்சட்டை போட்ட ஆள் ஒருத்தராவது இருக்கட்டும்னு எங்க வாத்தியார், யாழ்ப்பாணத்துப் பேரின்பநாயகம் சேரைக் கூப்பிட்டு மூலையில உட்கார வச்சிருந்தாங்க. மாப்பிள்ளையோட அம்மா, பாவம், மரியாதைக்கு அவரு பக்கம் திரும்பி, டெபுட்டின்னா எம்மாம் பெரிய வேலைங்க சேர்னு கேட்டுட்டாங்க.

சேர் நிமிர்ந்தாரு. வகுப்புல இந்த மாதிரி ஒரு கேள்வி யாரும் கேட்டதே இல்ல, அந்தச் சந்தோசம் மொகத்துல தெரிஞ்சுது. நான் கண்ணைக் காட்டினேன், இருமினேன். தம்பிக்குச் சுடுதண்ணி குடுங்கோன்னு சொல்லிட்டு அவரு பாட்டுக்குத் தொடங்கிட்டாரு.

"டெபுட்டி எண்டா, பெரியவர் இல்லாத நேரம் அவற்ர கதிரையில இருக்கிறவர். ஜூனியர் எண்டா கீழ உள்ளவர். அசிஸ்டன்ட் எண்டா கையுதவி. சப் எண்டா அதுவும் கீழதான். ஆக்டிங் எண்டா இப்போதைக்கு மட்டும். எல்லாம் ஒரே குடும்பத்துச் சொல்லுகள் அம்மா. பெரியவர் எண்டு இதில ஒருத்தரும் இல்லை."

 அக்கா பால் விடாத பிளேன்டி தட்டோட வாசல்ல வந்து நின்னுச்சு. அப்பா தன் கையைப் பார்த்தாங்க. எவ்வளவு தேய்ச்சாலும் போகாத கரி அது. நான் சொல்லிக் குடுத்த எல்லாத்தையும் அந்தக் கையிலேயே துடைச்சுட்ட மாதிரி, மெதுவாச் சொன்னாங்க.

"நான் அடுப்புக்கு விறகு போடுறவன்ங்க. மக இருக்காளேன்னு இந்தப் பய சொன்னதைக் கேட்டேன்."

எனக்குப் பூமிக்குள்ள போயிரலாம் போல இருந்துச்சு மாமா. மாப்பிள்ளைதான் முதல்ல வாயைத் தொறந்தாரு. தபால் பை தூக்குறேன், அதுவும் தூக்குற அண்ணன் லீவுல போனா மட்டும்னாரு. அவங்கப்பா மகனைப் பார்த்தாரு, அப்பாவைப் பார்த்தாரு, அப்புறம் தோள்ல இருந்த துண்டை எடுத்து மொகத்தைத் துடைச்சுக்கிட்டாரு. சிரிக்கிறாரா அழுறாரான்னு தெரியல.

"நான் விறகு பொளக்கிறவன். அங்க பொளக்குறது நான், இங்க போடுறது நீங்க. இதுக்கு நடுவுல எதுக்குங்க இத்தன இங்கிலீஷு?"

அக்கா தட்டை நீட்டுச்சு. பக்கத்துக் காம்பராக்கள்ல எல்லாம் கேட்டுக் கேட்டு அம்மா சேர்த்த சீனி அதுல ஒரு தட்டுல தனியா இருந்துச்சு. அவரு கோப்பையை மட்டும் எடுத்துக்கிட்டு, சீனித் தட்டை அம்மா பக்கமே தள்ளி வச்சாரு. "சம்பந்தி வீட்டுப் பிளேன்டிக்குச் சீனி என்னத்துக்கு? திருப்பிக் குடுத்துருங்கம்மா, கடன் வாங்கினதுதான?"

அன்னைக்கு அக்கா கட்டியிருந்தது அந்த நீலச் சேலைதான். ஈஸ்டர் கழிஞ்சு கல்யாணம். என் இங்கிலீஷ் இல்லாட்டி இந்த உண்மையெல்லாம் வெளிய வந்திருக்குமா? இன்னைக்கு ரெண்டு வீட்டுலயும் ஒரு பொய்கூட மிச்சமில்ல. அந்தப் பெருமை வைஸ் மொனிட்டரையே சேரும்.

அத்தைக்கு எங்க எல்லாருடைய அன்பும். தங்கள் ஆசீர்வாதத்தைத் தபாலில் அனுப்ப வேண்டாம், லிந்துலை வழியாப் போனா மாப்பிள்ளைதான் சுமக்கணும். நேரிலேயே கொண்டு வரவும்.

கீழ்ப்படிதலுள்ள மருமகன்
லோ. டக்ளஸ்

பி.கு.: ஒரு பொய்கூட மிச்சமில்லன்னு மேல எழுதிட்டேன் மாமா. ஒண்ணு இருக்கு. எல்லாம் பேசி முடிஞ்ச சந்தோசத்துல தாய்மாமன் என்ன பண்றாருன்னு கேட்டாங்க. அசிஸ்டன்ட் குக்னு சொல்லப் போனேன், ஆனா கீழான சொல்லு எல்லாத்தையும் சேர் அதுக்கு முன்னாடியே செலவழிச்சுட்டாரு. அதனால பெரிய குக்னு சொல்லிட்டேன். போன லீவுல நான் பார்த்தப்ப நீங்க சாக்கு மேல உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டு இருந்ததை நான் யார்கிட்டயும் சொல்லல. சுருக்கமாச் சொன்னா, கல்யாணச் சமையல் முழுக்க உங்க பொறுப்புன்னு சம்பந்தி சொல்லிட்டாரு. அப்பா அம்மா முழிக்கிறாங்க. கோவிச்சுக்கிட்டு வராம இருந்துராதீங்க. அங்க சமைக்கிறவங்களைப் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கத்துக்கிட்டு வாங்க. வெங்காயம் உரிக்க, தண்ணி தூக்க, அடுப்பு ஊத நான் கூடவே நிக்கிறேன். அசிஸ்டன்ட்டுக்கு அசிஸ்டன்ட். இந்தத் தடவை தமிழ்லயே சொல்லிர்றேன் மாமா: எடுபிடி.