அசையாமல் இருந்த ஒன்றரை மணித்தியாலம்

கட்டுகஸ்தோட்டை,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மச்சான் யோகராஜுக்கு,

ராஜரத்தினம் எழுதுவது. பதுளையில் நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க முருகன் துணை. இங்கே உங்கள் அக்கா சுகம். உங்கள் மருமகள் சர்மிளா சுகத்திலும் சுகம். எனக்குத்தான் இடுப்புப் பிடித்துக்கொண்டது, அதற்குக் காரணம் நீங்கள். வட்ஸ்அப்பில் நான் அனுப்பிய ஏழு குரல் பதிவுக்கும் நீலக்கோடு விழுந்ததே தவிர பதில் விழவில்லை. ஆகவே பதிவுத் தபாலில் எழுதுகிறேன். கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும், கிடைக்கவில்லை என்று நீங்கள் சொல்ல முடியாது.

உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளைக்குக் கல்லூரியைத் தெரிவு செய்வது தகப்பனா, தாய்மாமனா? நான் பார்த்து வைத்தது கண்டி டவுனில், புடவைக்கடைக்கு மேல்மாடியில், கம்ப்யூட்டரில் கல்யாண ஆல்பம் செய்யும் ஆறு மாதப் படிப்பு. காலையில் பஸ் ஏறினால் பின்னேரம் வீட்டில். முடித்துவிட்டு என் போட்டோ ஸ்டூடியோவில் உட்கார்ந்தாளென்றால் எனக்குப் பிறகும் கடை திறந்திருக்கும். நீங்கள் எனக்குத் தெரியாமல் விண்ணப்பம் நிரப்பி அனுப்பியதோ கொழும்பில், நாலு வருஷம், விடுதியில் தங்கி, சித்திரமும் சிற்பமும். ஸ்டூடியோவில் செய்கிற கலையாம். அப்படியென்றால் நான் வைத்திருப்பது என்ன, கோழிக்கூடா? கேட்டதற்கு, நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் அத்தான் என்று பெரிய மனிதர் மாதிரி புத்தி சொன்னீர்கள். போனேன், பார்த்தேன், இப்போது குனிய முடியவில்லை.

அந்தக் கல்லூரிக்காரர்கள் மலைநாட்டுப் பிள்ளைகளுக்காக ஹந்தானைப் பாதையில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நேற்றுத் தெரிவுப் பரீட்சை வைத்தார்கள். சர்மிளா விடியவே போய்விட்டாள். நான் கடையைப் பூட்டி, கல்யாண வீட்டுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டு, குடையும் எடுத்துக்கொண்டு, பொறுப்பான ஆள் ஒருவரைக் கண்டு விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிவிடுவது என்றே போனேன். வாசலில் துஷாந்த் என்று ஒரு விரிவுரையாளர், யாழ்ப்பாணத்துப் பையன், தலையில் என் உள்ளங்கை அளவு குடுமி. என்னைக் கண்டதும் ஓடிவந்து, "வந்திட்டீங்களோ ஐயா, உங்களத்தான் எல்லாரும் பாத்துக்கொண்டிருக்கிறம்" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய், மண்டபத்தின் நடுவில் ஒரு பலகை மேடைமேல் போட்டிருந்த கதிரையில் உட்காரவைத்தார். பெற்றோருக்கு இவ்வளவு மரியாதை செய்கிற இடத்தோடு சண்டை பிடிக்க வந்தோமே என்று எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. சுற்றிவரப் பதினாலு பிள்ளைகள், ஒருவர்கூட உட்காரவில்லை. பெரியவர் முன்னால் நிற்கிறார்கள், நல்ல வளர்ப்பு என்று நினைத்தேன். குடையைக் கீழே வைக்கப் போனால் குடை இருக்கட்டும், நல்லாயிருக்கு என்றார். பிறகு மணி அடித்தது. பிள்ளைகள் பென்சிலை எடுத்து என்னையே உற்றுப் பார்க்கத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் விஷயம் விளங்கியது. பிள்ளைகள் பார்த்து வரைவதற்கென்று பிலிமத்தலாவையிலிருந்து ஒரு பெரியவரை வரச்சொல்லியிருந்தார்களாம், அவர் வந்த பஸ் வழியில் நின்றுவிட்டதாம், நான்தான் அவர் என்று நினைத்து என்னை இருத்திவிட்டார்கள். எனக்கு நேர் எதிரே சர்மிளா. முகத்தில் ரத்தம் இல்லை. அவள் மட்டும் பென்சிலை எடுக்கவேயில்லை. நான் எழும்பினேன். துஷாந்த் பதறிப்போய், "ஐயா, நேரம் துவங்கிட்டுது. நீங்கள் எழும்பினால் பதினாலு பிள்ளையளுக்கும் இண்டைக்குச் சோதனை இல்லை" என்றார்.

மச்சான், இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். நான் இறங்கிப் போயிருக்கலாம். பரீட்சை அதோடு சரி, கொழும்பு சரி, உங்கள் விண்ணப்பமும் சரி. வந்த காரியம் சும்மா நடந்துபோனாலே முடிந்துவிடும். ஆனால் முப்பத்தொரு வருஷமாக அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்த கட்டுகஸ்தோட்டைச் சனத்தை, கைக்குழந்தை உட்பட, "அசையாம இருங்க" என்று அதட்டியவன் நான். நானே அசைந்தால் தொழிலுக்கு என்ன மரியாதை? அதற்காகத்தான் திரும்ப உட்கார்ந்தேன், வேறு காரணம் எதுவும் கற்பிக்க வேண்டாம். நான் உட்கார்ந்த பிறகுதான் அவளும் பென்சிலை எடுத்தாள். ஒன்றரை மணித்தியாலம். காதுக்குள் எறும்பு போனது, இடதுகால் மரத்தது, மூக்கு அரித்தது, எதற்கும் நான் அசையவில்லை. பாதியில் அந்தப் பிலிமத்தலாவைக்காரர் வந்து சேர்ந்தார். அவரைக் கதவோரம் இருத்திப் பிளேன்டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். உட்கார்ந்தது நான், உபசாரம் அவருக்கு.

முடிந்ததும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனேன். நானென்றால் மச்சத்தை எடுத்து, கண்ணுக்குக் கீழே கறுப்பைத் துடைத்து, ஆளை ஒரு சுற்று வெளுப்பாக்கித்தான் படத்தைக் கையில் கொடுப்பேன். இவர்கள் என் கன்னத்து மச்சத்தை வரைந்தது போதாதென்று அதில் முளைத்த மயிரையும் வரைந்திருக்கிறார்கள். பதின்மூன்று படத்திலும் நான் யாரையோ அடிக்கப் போகிறவன் மாதிரி முறைக்கிறேன். உள்ளதை உள்ளபடி வைப்பதற்கா நாலு வருஷம் என்று துஷாந்திடம் கேட்டேன். அதுக்கே நாலு வருஷம் காணாது ஐயா என்கிறார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். சர்மிளா தன் படத்தை எனக்குக் காட்டாமலே சுருட்டிக் கொடுத்துவிட்டாள்.

ஆகவே நீங்கள் உடனே அவளுக்குப் போன் எடுத்து, மாமா செய்தது பிழை, அப்பா சொல்கிற இடத்திலேயே படி என்று சொல்ல வேண்டும். சொல்லும்வரை தீபாவளிக்கு உங்களை என் வாசலில் காணக்கூடாது. தங்கச்சியும் பிள்ளைகளும் வரலாம். அவர்களுக்கு என் ஆசீர்வாதம். உங்களுக்கும் உண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு தருகிறேன்.

இப்படிக்கு,
இடுப்பு வலியுடன்,
ராஜரத்தினம்

பி.கு.: இன்று வெள்ளிக்கிழமை. இடுப்பு விடாததால் கடிதம் கடை மேசையிலேயே கிடந்தது. நேற்று அந்தத் துஷாந்த், சர்மிளா தெரிவாகிவிட்டாள் என்று செய்தி போட்டு, அவள் வரைந்ததையும் போட்டோ பிடித்து அனுப்பியிருந்தார். மச்சத்தையாவது எடுத்துவிடுவோம் என்று கம்ப்யூட்டரில் பெரிசாக்கினேன். அதில் நான் கோபமாக இல்லை மச்சான். குடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன். உண்மைதான். இவள் போய்விடுவாளே என்று பயந்துதான் இருந்தேன். உங்கள் அக்காவுக்குக்கூட அதைச் சொல்லவில்லை, இவள் எப்படிக் கண்டாளோ தெரியாது. ஒன்றையும் திருத்தாமல் மூடிவிட்டேன். விடுதிப் படிவத்திலும் கையெழுத்துப் போட்டாயிற்று. மேலே உள்ளதை வாசிக்க வேண்டாம். தீபாவளிக்குக் கட்டாயம் வாருங்கள், வரும்போது உங்கள் பெரிய சூட்கேஸையும் கொண்டுவாருங்கள், அவளுக்கு வேண்டும். எழுத்துக் கோணலாக இருந்தால் மன்னியுங்கள். எதிரே நின்று இன்னொரு படம் வரைகிறாள். "அசையாம இருங்கப்பா" என்று அதட்டுகிறாள். கை மட்டும் அசையலாமாம்.