அளவெடுத்துச் செய்த லேப்டாப்

கடையில் இருப்பதை வாங்கி வந்தால், கெட்டுப்போகும்போது கடைக்காரரைத் திட்டலாம். சொல்லிச் செய்து வாங்கினால் அந்த வசதி கிடையாது. இது எனக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரிந்திருந்தால், என் கல்யாணப் பேச்சு இன்னும் கொஞ்சம் மரியாதையாக நடந்திருக்கும்.

அப்போது நான் சென்னையில் வேலையில் இருந்தேன். அப்பாவும் அம்மாவும் திண்டிவனத்தில். அவர்களுக்கு ஒரு லேப்டாப் தேவை என்று நானாக முடிவு செய்தேன். (அவர்கள் கேட்டது தண்ணி மோட்டாரை ரிப்பேர் பண்ணித் தரச் சொல்லி.) சாதாரண ஆளாக இருந்தால் ஷோரூமில் ஒன்றை வாங்கியிருப்பான். நான் கம்ப்யூட்டர் படித்தவன் ஆயிற்றே. சொன்னபடி பொருத்தித் தரும் கடை ஒன்றை விழுப்புரத்தில் பிடித்தேன்.

உடம்பு டைரி அளவுதான் இருக்க வேண்டும். அப்பாவுக்குக் காது மந்தம், அதனால் பெரிய ஸ்பீக்கர். அம்மா எதுவாக இருந்தாலும் அடுப்படியிலிருந்தே பேசுவார், அதனால் தூரத்துப் பேச்சையும் பிடிக்கும் மைக்.

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். “இத்துனூண்டு பொட்டியில இம்மாம் பெரிய ஸ்பீக்கரா சார்? சரி, மைக்காவது சாதா மைக்கு போட்டுக்குங்க. இது பக்கத்து ரூம்ல பேசறதயும் இழுக்கும்.”

“அதான்ங்க வேணும்” என்றேன். எங்கள் வீட்டு விவரம் இவருக்கு எங்கே தெரியப்போகிறது என்று மனசுக்குள் ஒரு இளக்காரம் வேறு.

அதே சமயத்தில் ஒரு வரன் வந்தது. பெண் பெயர் கீர்த்தனா. சொந்த ஊர் விக்கிரவாண்டி பக்கம், குடும்பம் குவைத்தில். முதலில் வீடியோவில் பார்த்துப் பேசுவோம், பிடித்தால் ஊருக்கு வருகிறோம் என்று பெண்ணின் அப்பா சொல்லி அனுப்பினார். அதற்கு முன் வந்த வரன்கள் எல்லாம் ஏதோ ஒரு காரணத்தால் தட்டிப்போயிருந்தன. அவற்றுக்காக நான் வருத்தப்படவில்லை. இது தட்டிப்போகக் கூடாது என்று மட்டும் உண்மையாகவே தவித்தேன். தரகர் கொடுத்த போட்டோவை அத்தனை தடவை பார்த்திருந்தேன்.

என் போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் மாப்பிள்ளையே வடிவமைத்த லேப்டாப்பில் பேசினால் அல்லவா பெருமை? அன்று காலைதான் அதை விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். அம்மா அதைச் சாமி முன்னால் வைத்து மஞ்சள் தண்ணீர் தெளிக்க வந்தார். தண்ணீர் மட்டும் கூடாது, மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன்.

சொன்ன நேரத்துக்கு உட்கார்ந்தோம். பெண் வீட்டார் வருவது கம்ப்யூட்டர் வழியாகத்தான் என்றாலும், கேசரி கிண்டாமல் அம்மாவால் இருக்க முடியவில்லை. அவர் அடுப்படியில். திரையில் இரண்டு கட்டங்கள், இரண்டும் இருட்டு. சத்தமும் இல்லை. கால் சேரவில்லை என்று முடிவுகட்டி, கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

“என்னாங்க இது, கேமரா செத்துக் கெடக்குது. பொண்ணு பாக்கற நேரத்துல மானத்த வாங்கறீங்களே.”

“இங்க நல்லாத்தான் சார் இருந்துச்சி” என்றார் அவர். நான் போனை வைத்துவிட்டு, எங்கேயாவது ஒயர் கழன்றிருக்கிறதா என்று லேப்டாப்பின் மேல் குனிந்தேன்.

அப்பா நிதானமாக ஆரம்பித்தார். “அதுவும் நல்லதுக்குத்தான். போட்டோல முடி இருக்குது, ஆளுக்கு இல்ல. கேட்டா என்னான்னு சொல்றது?”

“தலைய நிமித்திக்கினு உக்காந்தா தெரியாதுப்பா.”

“தரகரு உன்ன மேனேஜர்னு வேற சொல்லிக்கினு இருக்காரு.”

அடுப்படியிலிருந்து அம்மா: “சமைக்கத் தெரியுமான்னு கேட்டா தெரியும்னு சொல்லித் தொலைக்காத. வெந்நீர் வெக்கறேன்னு பாத்திரத்த கருக்கினவன் நீ.”

“கால் வந்தாதானம்மா கேப்பாங்க.”

“வரணும்டா. அந்தப் பொண்ணு போட்டோவ தலகாணி ஒறைக்குள்ள வெச்சிக்கினுதான் தூங்கற. நான் பாக்கலன்னு நெனச்சிக்கினியா?”

அப்போதுதான் லேப்டாப்பிலிருந்து “வணக்கம்ங்க” என்று ஒரு குரல் இடித்தது. ஸ்பீக்கர் நான் கேட்டபடியே இருந்தது. அப்பா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். ஒரு கட்டத்தில் மூன்று முகங்கள் தெரிந்தன. பெண் ரெடியாகும் வரை அவர்கள் தங்கள் கேமராவையும் மைக்கையும் மூடி வைத்திருந்தார்களாம். எங்கள் பேச்சு மட்டும் ஆரம்பத்திலிருந்தே குவைத்துக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

கீர்த்தனா உதட்டைக் கடித்து ஒருவழியாகச் சிரிப்பை அடக்கினாள். “அத்தை, புது லேப்டாப்புக்குப் பொட்டு வெச்சீங்களா? எங்களுக்கு ஒரே இருட்டா, ஓரத்துல மட்டும் செவப்பா தெரியுது. ஸ்க்ரீனுக்கு மேல நடுவுல ஒரு ரவுண்டு இருக்கும் பாருங்க, அதத் தொடச்சிடுங்க. என் புது போனுக்கும் எங்கம்மா அங்கதான் வெச்சாங்க.”

அம்மா கரண்டியோடு ஓடிவந்தார். “நெத்தின்னு நெனச்சேம்மா” என்றபடி, சந்தனத்தையும் குங்குமத்தையும் முந்தானையால் துடைத்தார். ஒயர் தேடிக் குனிந்த நிலையிலேயே நான் விறைத்துப்போயிருந்தேன். ஆகவே குவைத்தில் முதலில் தெரிந்த காட்சி, மிக அருகில், என் உச்சந்தலை.

அதற்குப் பிறகு நான் என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை. பேசவே இல்லை என்கிறாள் கீர்த்தனா. ராத்திரி அவள் அப்பா போன் செய்து, அடுத்த லீவில் ஊருக்கு வருவதாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பையனைப் பற்றி நாலு இடத்தில் விசாரிக்க வேண்டாமா என்று அவரிடம் யாரோ கேட்டார்களாம். “விசாரிக்க என்னா இருக்குது, அவங்களே எல்லாத்தையும் சொல்லிட்டாங்களே” என்றாராம்.

கல்யாணமாகி வருஷங்கள் ஓடிவிட்டன. மாமனார் இன்றும் எனக்குப் போன் செய்தால் ஹலோ சொல்வதில்லை. “மாப்ளே, நாங்க லைன்ல இருக்கோம்” என்றுதான் ஆரம்பிப்பார். லீவில் வந்திருந்தவர் போன மாதம் திண்டிவனத்து வீட்டுக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உரக்கக் குரல் கொடுத்தார்: “மாப்ளே, நாங்க லைன்ல இருக்கோம்.”

உள்ளே நானும் அம்மாவும் சட்டென்று வாயை மூடிக்கொண்டோம். அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.