ஐந்து நாள் அணுச் சட்டமும் ஒரு தண்ணீர் மோட்டாரும்

பயிற்சி முடித்துத் திரும்பியவர் என்று ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். திங்கட்கிழமை நம்மைப் போலவே ரயிலேறிப் போனவர் வெள்ளிக்கிழமை வேறொருவராக இறங்குவார். கையில் பளபளப்பான ஒரு கோப்பு, சட்டைப் பையில் அந்தக் கோப்போடு இலவசமாக வந்த பேனா, முகத்தில் நம் எல்லோருக்காகவும் சேர்த்துக் கவலைப்படுகிற ஒரு களை. தீயணைப்பில் பயிற்சி பெற்றவர் உங்கள் வீட்டுக் காஸ் அடுப்பைப் பார்த்து உச்சுக்கொட்டுவார். முதலுதவி பயின்றவர் நீங்கள் எப்போது மயங்கி விழுவீர்கள் என்று ஆசையோடு காத்திருப்பார். இவர்களைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சர்வதேச அணுச் சட்டத்தில் ஐந்து நாள் பயிற்சி பெற்றவரை என்ன செய்வீர்கள்?

ஆவடி குவார்ட்டர்ஸில் எட்டு வீடுகள் கொண்ட ஒரு பிளாக்குக்கு அந்தப் பாக்கியம் தொண்ணூற்றைந்தாம் வருஷத்துக் கோடையில் வாய்த்தது.

சண்முகசுந்தரம் கான்வாஸ் தைக்கும் ஒரு தொழிற்சாலையில் லீவு விண்ணப்பங்களைக் கவனிக்கும் எழுத்தர். கூடாரத் துணிக்கும் அணுவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், அழைப்பு வந்துவிட்டது. போக வேண்டிய அதிகாரிக்கு மைத்துனி கல்யாணம். அவருக்கு அடுத்தவருக்கு மூலம். யாரையும் அனுப்பாவிட்டால் அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்களே என்ற கவலையில், அன்று சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரே குற்றத்துக்காக இவரை அனுப்பினார்கள்.

நட்சத்திர ஹோட்டல், ஏசி அறை, மார்பில் பெயர் அட்டை, மத்தியானம் இரண்டு விதமான ஐஸ்கிரீம். இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர்களின் காய்ச்சலையும் சீமந்தத்தையும் பதிவு செய்துகொண்டிருந்த மனிதரைப் பார்த்து, டில்லியிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர், "மிஸ்டர் சுந்தரம், எல்லை தாண்டும் கதிர்வீச்சு பற்றி உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டுவிட்டார். அவரிடம் கருத்து இல்லை. ஆனால் கேட்டார்கள் அல்லவா? அன்று மாலை ரயில் அம்பத்தூரைத் தாண்டுவதற்குள் கருத்து வந்துவிட்டது.

வீட்டில் மனைவி கண்ணம்மா கருவாடு வறுத்துக்கொண்டிருந்தாள்.

"மேல் வீட்டுக்குத் தகவல் சொன்னியா?"

"எதுக்குங்க? பங்கு கேப்பாங்க."

"எல்லை தாண்டிப் போகக்கூடிய எதையும் பக்கத்து நாட்டுக்கு உடனே அறிவிக்கணும், கண்ணம்மா. அப்படித்தான் ஒப்பந்தம்."

கண்ணம்மா கருவாட்டைத் திருப்பிப் போட்டாள். ஐந்து நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தாள்.

ஆகவில்லை. அவர் கண் பிளாக்கின் தண்ணீர் மோட்டார் மேல் விழுந்தது. அதற்கு அதுவரை இருந்த சட்டம் மிகச் சிறியது. நாளுக்கு ஒரு வீடு மோட்டார் போட வேண்டும். தொட்டி நிரம்பி வழிந்தால், கீழ் வீட்டு ஜமீலா சமையலறை ஜன்னலிலிருந்து "மோட்டாரு!" என்று ஒரு கத்து கத்துவாள். யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவர் ஓடிப்போய் நிறுத்துவார். பன்னிரண்டு வருஷமாக உலகம் அழியவில்லை.

சண்முகசுந்தரம் பதினோரு பக்கத்தில் ஓர் உடன்படிக்கை எழுதினார். மொட்டை மாடியில் கூட்டம். தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த எத்திராஜ்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"அண்ணாத்தே, மோட்டார் போட்றதுக்கு இன்னாத்துக்கு இத்தினி பேப்பரு?"

"மோட்டார்னு சொல்லாத. நிலையம்."

"அப்ப போட்றவன்?"

"இயக்குபவர்."

இயக்குபவரைத் தவிர யாரும் நிலையத்தைத் தொடக்கூடாது. அதனால் மோட்டார் ரூமுக்குப் பூட்டு. சாவி அன்றைய இயக்குபவரிடம். கோளாறு எதுவானாலும் தொடர்பு அலுவலருக்கு, அதாவது சண்முகசுந்தரத்துக்கு, எழுத்தில் அறிவிக்க வேண்டும். தப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நஷ்டத்துக்கு முழுப் பொறுப்பு இயக்குபவரே. விலக்கு: போர், உள்நாட்டுக் கலகம், அசாதாரணமான இயற்கைப் பேரிடர். எட்டு வீடும் கையெழுத்துப் போட்டது. புரிந்து அல்ல, டிவியில் வெள்ளிக்கிழமைப் பாட்டு தொடங்க ஐந்து நிமிஷம்தான் இருந்தது.

மே மாதம் ஒரு சனிக்கிழமை. மறுநாள் ஜமீலாவின் மகள் குல்ஷனுக்கு நிக்காஹ். பூந்தமல்லியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் அறுபது பேர். பிளாக்குக்குப் பின்னால் அடுப்பு தோண்டியாகிவிட்டது. வேண்டியது தண்ணீர் ஒன்றுதான்.

அன்றைய இயக்குபவர் யார்? சண்முகசுந்தரம். காலை ஆறு மணிக்கு மோட்டார் போட்டார், பூட்டினார், சாவியைப் பையில் போட்டார், திருநின்றவூருக்கு ரயிலேறினார். அங்கே நண்பர் ஒருவரின் மனைக்காரர்கள் சங்கத்தில் 'அவசரகால அறிவிப்பு' என்ற தலைப்பில் பேச வேண்டும். தலைப்பு நினைவிருந்தது. மோட்டார் நினைவில்லை.

ஆறே முக்காலுக்குத் தொட்டி வழிந்தது.

"மோட்டாரு!" என்று கத்தினாள் ஜமீலா. எத்திராஜ் பழக்கதோஷத்தில் ஓடினான். பூட்டு. கண்ணம்மா, கணவர் சொல்லிவிட்டுப் போனபடி, கோளாறு அறிவிப்புப் படிவத்தை எடுத்து வந்தாள். வேறு என்ன செய்வாள்?

"'சம்பவத்தின் தன்மை'ன்னு கீது. இன்னா எய்த?"

"தண்ணி வழியுதுன்னு எழுதுங்க."

எழுதினான். அதற்குள் தண்ணீர் நின்றது. எல்லோரும் மூச்சுவிட்டார்கள். நின்றது தொட்டியில் மட்டுமல்ல, ஆழ்துளைக் கிணற்றிலும்தான் என்பது புகை வந்தபோது தெரிந்தது.

"எய்தினத அடிச்சுட்டுப் பொகைன்னு போடவா?"

"அடிச்சா ரெண்டு பேர் சுருக்குக் கையெழுத்துப் போடணும்னு சொல்லியிருக்காரு" என்றாள் கண்ணம்மா பாவமாக.

"யக்கா, நெசமாத்தான் சொல்றியா?" என்றவன் கடப்பாரை எடுக்க ஓடினான். பூட்டை உடைத்தபோது உள்ளே மோட்டாரின் கம்பிச்சுருள் கருகி அடுப்புக்கரியாக இருந்தது. 'பாதிப்பு எல்லை தாண்டுமா?' என்ற கட்டம் காலியாகக் கிடந்தது. ஜமீலா பேனாவை வாங்கி எழுதினாள்: 'எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குத் தண்ணீர் இல்லை.'

பதினோரு மணிக்குச் சண்முகசுந்தரம் சால்வையும் எலுமிச்சம்பழமுமாக வந்தார். கண்ணம்மா படிவத்தை நீட்டினாள். அவர் முகம் மலர்ந்தது. முதல் அறிவிப்பு!

"பிரமாதமா பூர்த்தி பண்ணியிருக்கீங்க. நேரத்தை மட்டும் இருபத்துநாலு மணிக் கணக்குல போட்டிருக்கலாம்."

பிறகு கடைசி வரியைப் படித்தார். பிறகு மோட்டார் ரூமைப் பார்த்தார். அதற்குப் பிறகு, அணுச் சட்டம் படித்தவர்கள் எல்லோரும் செய்வதைச் செய்தார்: விலக்கைத் தேடினார். ரூம் மூலையில் அணில் ஒன்று தேங்காய் நாரால் கூடு கட்டியிருந்தது.

"அணில்! வேலை செஞ்சது இதுதான். இயற்கைப் பேரிடர்."

"அணிலு பேரிடரா?" என்றான் எத்திராஜ். "தெனம் என் கையால வேர்க்கல்ல வாங்கித் துன்னுது அண்ணாத்தே."

"அசாதாரணமான..."

"கூட்ல மூணு குட்டி கீது. அதுங்களயும் சேத்துக்கோ. கலகம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஜமீலா சிரிக்கவில்லை. "அண்ணே, நாளைக்கு அவங்க வந்து கை கழுவத் தண்ணி கேட்டா, நான் எந்தப் பேப்பரக் காட்டுவேன்?" என்றாள்.

சண்முகசுந்தரம் கோப்பைப் புரட்டினார். பதினோரு பக்கத்திலும் அதற்குப் பதில் இல்லை. கண்ணம்மாதான் சொன்னாள்:

"தப்பு இருந்தாலும் இல்லாட்டியும் இயக்குபவர் பொறுப்பு. நீங்கதானே எழுதினீங்க?"

அவர் சால்வையை மடித்து வைத்தார். சைக்கிளை எடுத்தார்.

அடிபம்பு நாலு பிளாக் தள்ளி. இரண்டு பக்கமும் குடம் கட்டிக்கொண்டு வெயிலில் போனார், வந்தார், போனார், வந்தார். எத்திராஜும் இரண்டு குடத்தோடு பின்னால் சேர்ந்தான். திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனம் உங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. மூன்றாவது நடையில் அவருக்குப் போக்குவரத்து அத்தியாயம் ஞாபகம் வந்துவிட்டது: வழியில் இருக்கும்வரை அனுப்புபவர் பொறுப்பு, ஒப்படைத்த பின் பெறுபவர் பொறுப்பு. ஒவ்வொரு நடைக்கும், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டு, ஜமீலாவிடம் ஒரே காகிதத்தை நீட்டினார்.

"கையெல்லாம் மருதாணிண்ணே."

"கைநாட்டு போதும்மா."

ஜமீலா அப்போதுதான் சிரித்தாள். காலையிலிருந்து முதல் தடவை. ஈர மருதாணிக் கட்டைவிரலைக் காகிதத்தில் பதித்தாள். இருட்டுவதற்குள் காகிதம் முழுக்க விரல்கள்.

நிக்காஹ் குறையில்லாமல் நடந்தது. மறுநாளும் குடத்தோடு வந்து நின்ற மனிதரைப் பார்த்து மாப்பிள்ளையின் தகப்பனார், "யாரும்மா இவரு?" என்று கேட்டார்.

"எங்க இயக்குபவரு" என்றாள் ஜமீலா. முதல் தட்டு பிரியாணி அவருக்குத்தான் வந்தது.

அந்தக் காகிதம் இன்றும் கண்ணம்மா வீட்டுச் சுவரில், பயிற்சிச் சான்றிதழுக்குப் பக்கத்தில், கண்ணாடிக்குள் இருக்கிறது. சான்றிதழில் பெயர் மங்கிவிட்டது. சைக்கிளும் இல்லை, ஓட்டியவரும் இல்லை. கண்ணம்மா தினமும் இரண்டையும் துடைக்கிறாள். காகிதத்தைக் கொஞ்சம் கூடுதலாக.

நல்லவேளை, இந்த இனத்துக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை. உங்கள் வீட்டில் அப்படிப்பட்ட கோப்பு ஏதும் கிடையாது, அந்த இலவசப் பேனாவும் கிடையாது. ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மேலே படித்து வந்தபோது, ஓர் அணில், கூடவே மூன்று குட்டிகள், எல்லாம் சேர்ந்தால் ஒருவேளை 'அசாதாரணமான இயற்கைப் பேரிடர்' ஆகுமோ என்று ஒரு கணமாவது யோசித்தீர்களா?

யோசித்திருந்தால், சைக்கிளைத் துடைத்து வையுங்கள்.