பதினெட்டுக் கட்டில்களும் ஒரு கையெழுத்தும்

கிங்ஸ்பரி, லண்டன்.
வியாழக்கிழமை, பகல்.

அன்பும் மரியாதையும் கூடிய மச்சான் பாலேந்திரா அவர்களுக்கு,

பாரிசில் நீங்களும் மச்சாளும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க முருகன் துணை நிற்கட்டும். இங்கே நானும் உங்கள் தங்கை கமலாம்பிகையும் சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். இந்த வீட்டில் நான் முன்னறையில் இருமினால் அவளுக்குப் பின்னறையில் கேட்கும். அதனால்தான் இத்தனை வருஷத்துக்குப் பிறகு உங்களுக்கு ஒரு கடிதம். மாமா இல்லாத இடத்தில் நின்று, தாரை வார்த்து, அவளை என் கையில் பிடித்துத் தந்தவர் நீங்கள். ஆகவே அவளைப் பற்றிய முறைப்பாடும் முறைப்படி உங்களுக்கே வருகிறது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பப் உங்களுக்கு நினைவிருக்கும். மூன்று வருஷத்துக்கு முன்பு மகன் சிவதர்ஷனின் செத்தவீட்டுக்கு வந்தபோது, கார் நிறுத்த வேறு இடமில்லாமல் அதன் வாசலில்தான் நிறுத்தினீர்கள். முப்பத்தொரு வயதுப் பிள்ளை, வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான், அவ்வளவுதான். அதற்குப் பிறகு உங்கள் தங்கைக்கு நித்திரை இல்லை. முன்னறையில் குளிர் என்று சொல்லிக்கொண்டு அவனுடைய பின்னறைக்கே படுக்கையை மாற்றிவிட்டாள். அந்த யன்னலிலிருந்து பப்பின் தோட்டத்து வேலிக்குப் பதினான்கு அடி, நானே அளந்தேன். விடிய எழும்பிப் பார்த்தால் யன்னலோரத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பாள், அவள் தேத்தண்ணீர் போட்ட குசினியில் லைற் தன் பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். அவனுடைய பெயரை எடுத்தால் அவள் உடைந்துபோவாள் என்று நான் வீட்டில் அந்தக் கதையையே எடுப்பதில்லை. லைற்றை மட்டும் நிப்பாட்டச் சொல்லுவேன். அந்தச் சனியன் பிடித்த பப்பின் சத்தந்தான் அவளை நித்திரை கொள்ள விடாமல் வைத்திருக்கிறது என்று நான் முடிவு செய்து, கவுன்சிலுக்கு எழுத, அவர்கள் ஒரு படிவத்தை அனுப்பி, என்ன சத்தம், எத்தனை மணிக்கு என்று நாள்தோறும் குறித்து வைக்கும்படி சொன்னார்கள். குறித்தேன், மச்சான். ஒரு நாள் தவறாமல் எட்டு மாதம் குறித்தேன்.

அப்படி இருக்கையில்தான் போன மாதம் எங்கள் தெரு விளக்குக் கம்பத்தில் ஒரு நீலக் கடதாசி. வெள்ளி, சனி இரண்டு நாளும் இரவு பதினொரு மணிக்குப் பூட்டுகிற பப்பை இனி ஒரு மணிக்குப் பூட்ட அனுமதி கேட்கிறார்களாம், எதிர்ப்பு இருந்தால் இருபத்தெட்டு நாளுக்குள் எழுதலாமாம். இன்னும் இரண்டு மணித்தியாலம்! அவள் செத்தே போய்விடுவாள் என்று எனக்குப் பயம் பிடித்துவிட்டது. எழுதினேன். எனக்காக ஒன்று, அவளுக்காக ஒன்று. அவளுடைய கையெழுத்தையும் நானே போட்டேன். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளுடைய டாக்டர் படிவம், பென்சன் படிவம், நூலக அட்டை எல்லாவற்றுக்கும் நான்தானே கையெழுத்துப் போடுகிறேன்? நம்முடைய ஆட்களில் எந்த வீட்டில் இது நடக்கவில்லை? பிறகு இரண்டு கடிதம் போதாது என்று பட்டது. ஒரே கடிதத்தைப் படியெடுத்துக் கொண்டுபோய், கோயிலில் அன்னதானத்துக்கு வரிசையில் நின்றவர்களிடம் நீட்டினேன். கையில் தட்டோடு நிற்கிற சனம் எதற்குக் கையெழுத்து என்று கேட்காது. பதினெட்டுப் பேர் வைத்தார்கள். ஒருவர் பாயாசம் பட்ட கையாலேயே வைத்தார்.

விசாரணை இந்தச் செவ்வாய்க்கிழமை, காலை பத்தரைக்கு. கலியாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். மேசைக்குப் பின்னால் மூன்று கவுன்சிலர்கள், நடுவில் இருந்தவர் தலைவி, கண்ணாடியை மூக்கு நுனியில் விட்டுக்கொண்டு பார்க்கிற அம்மா. ஒரு பக்கம் பப் மனேஜரும் அவருடைய வக்கீலும். அவர்களுக்குப் பின்னால் ஒரு வாங்கில் உட்கார்ந்தபடி நாலைந்து பெடியங்கள், அதில் ஒருவன் சிவதர்ஷனோடு படித்த சயந்தன். இவன் எனக்கு ஆதரவாகத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்து நான் தலையை ஆட்ட, அவனும் ஆட்டினான். ஐந்து நிமிஷம் தந்தார்கள். என் வழக்கப்படி இரண்டு தரம் செருமிவிட்டு, சத்தக் குறிப்பை வாசித்தேன். "வெள்ளிக்கிழமை, ஒன்பது இருபது. ஒருவன் தமிழில் கத்துகிறான்: 'ஆரடா லைற்றை நிப்பாட்டாமப் போனது? இதென்ன கோயில் திருவிழாவோ?' எல்லோரும் சிரிக்கிறார்கள். ஒன்பது முப்பது, மறுபடியும் அதே கத்தல், அதே சிரிப்பு. அடுத்த வெள்ளி, ஒன்பதே கால், மறுபடியும் அவன். கத்துவதற்கு முன்பு இரண்டு தரம் செருமுகிறான், சளிக்காரன் போல." எட்டு மாதத்தில் அறுபத்தொரு தரம் என்று கணக்கும் சொன்னேன். பப்பில் மின்சாரத்தை வீணாக்குகிறார்கள் என்பதையும் கவனத்துக்குக் கொண்டுவந்தேன். பின் வாங்கில் சயந்தன் முகத்தைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டான். வெட்கப்படுகிறான், நல்ல பிள்ளை என்று நினைத்தேன்.

பிறகு தலைவி என் பதினெட்டுக் கடிதங்களையும் மேசையில் பரப்பினார். "இதில் ஒருவர் ஸ்ட்ரெதத்தில் இருக்கிறார், இருவர் இல்ஃபோர்டில் இருக்கிறார்கள், இரண்டும் உங்கள் தெருவிலிருந்து ஒரு மணித்தியாலத் தூரம். பதினெட்டுப் பேரும் தங்கள் கட்டில் அந்த வேலியிலிருந்து பதினான்கு அடியில் இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். திரு. சச்சிதானந்தன், இத்தனை கட்டிலையும் எந்த அறையில் போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். கடிதத்தில் அந்த அடிக்கணக்கை மாற்ற மறந்துவிட்டேன், மச்சான். அதையாவது தாங்கிக்கொள்ளலாம். அடுத்ததாக வக்கீல் எழும்பி, மனேஜருக்கு ஆதரவாக அதே வீட்டிலிருந்து, அதே பெயரில் இன்னொரு கடிதம் வந்திருக்கிறது, திருமதி கமலாம்பிகை சச்சிதானந்தன் ஒரு மணி வரை நீட்டும்படி கேட்டிருக்கிறார் என்றார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பத்திரத்தைக் கள்ளமாகச் செய்திருக்கிறார்கள், பொலிசைக் கூப்பிடுங்கள் என்று மேசையில் அடித்துக் கத்தினேன். தண்ணீர்க் கிளாஸ் ஒன்று விழுந்தது. தலைவி அசையவில்லை. இரண்டு கடிதத்தையும் என் முன்னால் வைத்து, "இதில் எது உங்கள் மனைவியின் கையெழுத்து?" என்று கேட்டார்.

ஒன்று நான் போட்டது, ஆங்கிலத்தில், நல்ல வளைவு நெளிவோடு. மற்றது தமிழில், கொப்பியில் எழுதுகிற பிள்ளையைப் போல ஒவ்வொரு எழுத்தாக. எனக்குத் தெரியவில்லை, மச்சான். நாற்பது வருஷம் கட்டி வாழ்ந்த மனுசியின் கையெழுத்து எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் கையெழுத்துப் போட நான் விட்டால்தானே தெரியும்? அப்போது சயந்தன் எழும்பி, "சொறி அங்கிள், ஆன்ரி எழுதினதுதான். நான்தான் கொண்டுபோய்ப் போட்டனான்" என்றான். முதலாவது யாருடையது என்று தலைவி கேட்க, என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். மூவரும் ஒரே நேரத்தில் குனிந்து எதையோ எழுதினார்கள். ஆங்கில மொழிபெயர்ப்பு அவர்களிடம் இருந்தது. எனக்குத் தமிழ்ப் பிரதியைத் தந்தார்கள். அதை அப்படியே கீழே எழுதுகிறேன், நீங்களே பாருங்கள்.

"கவுன்சில் ஐயாமார் அம்மாமாருக்கு. நான் பப்புக்குப் பின்வீட்டில், மேல்மாடியில் இருக்கிறேன். என் மகன் வெள்ளிக்கிழமைகளில் அந்தத் தோட்டத்தில்தான் இருப்பான். அவன் சிரிக்கிற சத்தம் எனக்கு மேலே கேட்கும். இப்போது அவன் இல்லை. அவனுடைய சிநேகிதர் வருகிறார்கள், அவனைப் பற்றிக் கதைக்கிறார்கள். நான் யன்னலில் இருந்து கேட்பேன். பதினொரு மணிக்குப் பூட்டின பிறகு விடியும்வரை ஒரு சத்தமும் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டம். என் கணவர் நல்லவர். அவர் வீட்டில் மகனைப் பற்றிக் கதைப்பதில்லை. ஒரு மணி வரைக்கும் திறந்திருந்தால் எனக்கு உதவியாக இருக்கும். கமலாம்பிகை."

நல்லவர் என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் இப்படி எழுதலாமா, மச்சான்? மூன்று வெள்ளைக்காரருக்கு முன்னால்? அதோடு முடிந்ததா என்றால் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் அவள் கோயில் பெண்களுக்கு என்று சொல்லிப் பொரிக்கிற மரக்கறி ரோல்ஸ், பையில் கட்டி, கயிற்றில் யன்னலால் இறங்கி, வேலிக்கு மேலால் அந்தத் தோட்டத்துக்குப் போகிறதாம். வக்கீல் அதை நல்ல அயலுறவுக்கு எடுத்துக்காட்டு என்று சொன்னார். ஒரு கவுன்சிலர் ரோல்ஸ் என்றால் என்ன என்று கேட்டு, பதிலைக் குறித்துக்கொண்டார். அந்தக் கயிற்றை உடுப்புக் காயப்போட என்று வாங்கிக் கொடுத்தவன் நான். இதைவிடப் பெரிது, வெள்ளிக்கிழமை என்றால் ஜிம்முக்கு என்று பையைத் தூக்கிக்கொண்டு போன என் மகன் சாகும்வரை நாலு வருஷம் பப்புக்குத்தான் போயிருக்கிறான். வண்டி வயிறு வற்றவில்லையே என்று நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன். தாய்க்குத் தெரியும். எனக்குத் தெரியாது. அவன் எப்படிச் சிரிப்பான் என்று யோசித்துப் பார்க்கிறேன், அதுவும் எனக்குச் சரியாக நினைவு வரவில்லை.

அரைமணித்தியாலத்தில் தீர்ப்பு வந்தது. ஒரு மணி வரை, தோட்டம் உட்பட. வீட்டுக்கு வந்து அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இரண்டு நாளாகச் சாப்பாடு மேசையில் வருகிறது, சாப்பிடுகிறேன். இருபத்தொரு நாளுக்குள் நீதிமன்றத்துக்கு அப்பீல் பண்ணலாம், படிவம் எடுத்து வைத்திருக்கிறேன். ஆகவே மச்சான், தயவுசெய்து அடுத்த ரயிலில் வாருங்கள். மூத்த சகோதரன் என்ற முறையில் அவளை இருத்தி வைத்துப் புத்தி சொல்லி, அந்தக் கடிதத்தைத் தெரியாமல் எழுதிவிட்டேன் என்று இன்னொரு கடிதம் எழுதுவித்துத் தாருங்கள். இது அவளுடைய நித்திரைக்காகத்தான். என் மானத்துக்காக இல்லை. என் மானம் செவ்வாய்க்கிழமை பத்தே முக்காலோடு போய்விட்டது.

மச்சாளுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். சின்னவளின் பரீட்சை நல்லபடி முடியவும், உங்கள் முழங்கால் நோ குறையவும் கோயிலில் அர்ச்சனை செய்விக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்,
சச்சிதானந்தன்

பின்குறிப்பு: இன்று சனிக்கிழமை. முத்திரை இல்லாமல் இந்தக் கடிதம் மேசையிலேயே கிடந்தது. நேற்று ஒன்பது மணியளவில் பின்னறைப் பக்கம் போனேன். அவள் யன்னலோரத்தில் இருந்து ரோல்ஸ் பையைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஒளிக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. கீழே ஒருவன் இரண்டு தரம் செருமினான். பிறகு, "ஆரடா லைற்றை நிப்பாட்டாமப் போனது? இதென்ன கோயில் திருவிழாவோ?" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். எட்டு மாதம், அறுபத்தொரு தரம் எழுதியும் எனக்கு விளங்காதது அப்போதுதான் விளங்கியது: அந்தச் செருமலும் அந்தக் கத்தலும் என்னுடையவை. "உது சயந்தன்," என்றாள் அவள். "எங்கட பிள்ளை அளவுக்கு அவனுக்கு வராது. பிள்ளை செய்தால் நீங்கள் வந்து நிக்கிற மாதிரியே இருக்கும். கேட்டுக் கேட்டு நான் இதில இருந்து சிரிச்சிருக்கிறன்." மகன் என்னைப் போல வேறு என்னவெல்லாம் செய்வான் என்று கேட்டேன். சொன்னாள். நான் காசு எண்ணுகிறது, கோட்டுப் பொத்தான் பூட்டுகிறது, ஜிம்முக்குப் போயும் வண்டி வற்றவில்லையே என்று கேட்கிறது. கேட்கக் கேட்க எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. குசினிக்குப் போய் லைற்றை நிப்பாட்டிவிட்டு, இன்னொரு கதிரையைக் கொண்டுவந்து அவளுக்குப் பக்கத்தில் போட்டேன்.

ஆகவே மச்சான், புத்தி சொல்ல வரவேண்டாம். வருவதென்றால் ஒரு வெள்ளிக்கிழமை பார்த்து வாருங்கள். அப்பீல் படிவத்தின் பின்பக்கத்தில் லீக்ஸ், கரட், ரோல்ஸ் தூள் என்று கடைச் சாமான் எழுதியாகிவிட்டது. ஆனால் ஓர் அநியாயத்தைக் கேளுங்கள். அவன்கள் நல்ல கதை ஒன்றைத் தொடங்கி, அது பாதியில் நிற்க, பதினொரு மணிக்கே பப்பைப் பூட்டிப்போட்டார்கள். புது நேரம் வருகிற முதலாம் திகதியிலிருந்துதானாம். இது பற்றிக் கவுன்சிலுக்குக் காரசாரமாக ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். என்னுடையது ஒன்று, கமலாம்பிகையினது ஒன்று. அவளுடைய கையெழுத்தை அவளே போடுவாள்.